நீதிபோதனை பீரியட் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: இன்றைய பிள்ளைகளுக்குக் காசும் செல்போனும்தான் தெய்வம். என் பேரனிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் 'பணக்காரனாக' என்கிறான். பழையபடி பள்ளிகளில் நீதிபோதனை பீரியடைக் கொண்டுவந்து, ஆன்மிகத்தையும் ஊட்டினால் இந்தத் தலைமுறை தேறுமல்லவா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், வீரவநல்லூர்

பதில்: நீதிபோதனை பீரியட்! அண்ணாச்சி, இந்தப் பேரைக் கேட்டு எத்தனை காலமாச்சு! நான் படித்த பள்ளியில் அது டைம்டேபிளில் இருந்தது, வகுப்பில் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை கடைசிக்கு முந்தின மணி. மணியடித்த கையோடு கணக்கு சார் வந்து நிற்பார். "போர்ஷன் முடியலைல, நோட்டை எடுங்கலே." அவர் லீவு என்றால் இங்கிலீஷ் சார். இரண்டு பேரும் வராத நாளில்தான் நீதி எங்களைத் தேடி வரும், டிரில் மாஸ்டர் உருவத்தில், கையில் பிரம்போடு. "சத்தம் கேட்டுது, தோலை உரிச்சிருவேன்" என்பதுதான் முழு போதனையும். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் கரும்பலகையில் 'உண்மையே பேசு' என்று கலர் சாக்பீசில் எழுதிப் போடுவார்கள். ஆபீசர் கேட்டால் இந்த வகுப்பு வாரம் தவறாமல் நடக்கிறது என்று சொல்லவும் சொல்லித் தருவார்கள். நாங்களும் ஒரே குரலில் சொன்னோம். நீங்கள் என்ன பாடம் எடுத்தவர் என்று எழுதவில்லை. கணக்காக இருக்காது என்று நம்புகிறேன்.

பேரன் பணக்காரனாகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு? அறத்துக்கு 38 அதிகாரம் எழுதிய வள்ளுவர் பொருளுக்கு 70 எழுதினார். அதில் பாதிக்கு மேல் அரசியல்தானே என்று கடிதம் போடுவீர்கள், போடுங்கள். உங்கள் பக்கத்துப் பத்தமடையில் 1887இல் பிறந்த சுவாமி சிவானந்தர்கூட மலாயாவில் டாக்டராக நன்றாகச் சம்பாதித்துப் பார்த்த பிறகுதான் ரிஷிகேசம் போனார். பத்தமடை என்று எழுதிவிட்டு பாயைப் பற்றிச் சொல்லாமல் நகர என்னால் முடியாது என்பது வாசகர்களுக்குத் தெரியும். பெண், மாப்பிள்ளை பேரை நெய்து வாங்கிய கோரைப்பாய் விரித்த வீடுகளில் இன்று சீர்வரிசையோடு பிளாஸ்டிக் பாய் வந்து இறங்குகிறது. படுத்து எழுந்தால் முதுகெல்லாம் வேர்வை. காலத்தைத் திட்டியே தீருவேன் என்றால் அங்கே போய்த் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

நம்ம பக்கத்துப் பையன்களைப் பிடித்த சீக்கு காசு இல்லை, அண்ணாச்சி. அவர்கள் மணிக்கட்டைப் பாருங்கள். இரண்டு நிறம் முறுக்கிய கயிறு; பத்து ரூபாய் பெறாது. எந்த நிறம் எந்தச் சாதித் தெரு என்று ஆறாம் வகுப்புப் பொடியனுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் முழுக்கைச் சட்டைக்குள் மறைந்திருக்கும். பஸ் ஏறியதும் கையை மடித்து விடுவான். வாத்தியார் கேட்டால் பதில் தயார்: "கோயில்ல கட்டுனது சார்." நீங்கள் ஊட்டச் சொன்ன ஆன்மிகம்! 2019இல் கல்வித் துறை இந்தக் கயிறு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவனைப் பள்ளிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் போட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றைக் கழற்றச் சொன்னது. அரிவாள் எடுத்த பையன்கள் பணத்துக்கு ஆசைப்பட்டா போனார்கள்? யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று அவர்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. நாம்தான் சொல்லிக்கொடுத்தோம், பீரியடே இல்லாமல்.

ஒழுக்கமும் ஆன்மிகமும் சேர்த்து ஊட்டுகிற பள்ளிக்கூடம் நம்ம பக்கம் நடந்தும் இருக்கிறது. நீங்கள் திருநெல்வேலி பஸ் ஏறினால் வழியில் வருகிற சேரன்மகாதேவியில், 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம். ஆள் சாமானியர் இல்லை. லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர், போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. தேசபக்தி, தமிழ், பிரார்த்தனை, உடலுழைப்பு, எதிலும் குறையில்லை. இலை போடும்போது மட்டும் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனி இடம். பெற்றவர்களுக்குக் கொடுத்த வாக்காம். அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை, தமிழ்நாட்டுக் காங்கிரசே இரண்டுபட்டது. ரகளை நடந்த 1925ஆம் வருஷமே, ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயரும் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அங்கே படித்த பையன்களுக்கு எந்த வகுப்பு மனசில் நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இலை போட்ட இடம்தான்.

ஆகவே பேரனின் செல்போனைப் பிடுங்குவதை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அவன் கூட்டாளிகளில் யார் யார் உங்கள் வீட்டு வாசல் திண்ணையோடு திரும்பிப் போகிறார்கள், யார் யார் உள்ளே வந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவனைக் கேட்காதீர்கள், அடுக்களையில் கேளுங்கள். வந்த பதிலை எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.