வாசகர் கேள்வி: தாயான பிறகு பட்டப்படிப்பு

கேள்வி: எனக்கு வயது 31. திருமணத்தால் பி.காம். படிப்பை முதலாண்டிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கணவர் வாடகை வண்டி ஓட்டுகிறார். அவர்களுடைய கட்டணமே சுமையாக இருக்கும்போது நான் படிக்க ஆசைப்படுவது தவறா?

பதில்: தவறே இல்லை, சகோதரி. தாயின் படிப்பைக் கடைசிச் செலவாக வைக்கும் நம் குடும்ப வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும், 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் முதலில் விசாரியுங்கள். பின்னதில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நீட்டித்து முடிக்கலாம் என்பதால், பிள்ளைக்கு உடல்நலம் குன்றிய ஓராண்டில் தேர்வு எழுத முடியாமல் போனாலும் படிப்பு வீணாகாது. கட்டணத்தையும் ஆண்டுதோறும் பிரித்தே செலுத்தலாம். பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கல்விக் கடனை அவசரப்பட்டு நாடாதீர்கள். 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை என்றாலும், படிக்கும் காலத்திலேயே வட்டி சேரத் தொடங்கிவிடும். நாளை மூத்த பிள்ளையின் கல்லூரிக்கும் கடன் தேவைப்படலாம்.

உண்மையில் கட்டணத்தைவிடக் கடினமானது நேரம். தேர்வு நாள்களிலும் நேர்முக வகுப்பு நாள்களிலும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார் என்பதைக் கணவரிடமும் மாமியாரிடமும் பேசி முடிவுசெய்த பிறகே விண்ணப்பியுங்கள்.