ரீல்ஸை 40 ஆயிரம் பேர் பார்த்தாங்க, மனை ஒண்ணும் போகல

கேள்வி: அண்ணே, நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், மனை வியாபாரம். நெல்லிக்குப்பம் ரோட்டுல டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கின லேஅவுட், 34 மனை. போர்டு வச்சேன், நோட்டீஸ் குடுத்தேன், பையன் சொன்னான்னு ரீல்ஸும் போட்டேன், 40 ஆயிரம் பேர் பார்த்தாங்க, ஆனா "ரேட் என்ன"ன்னு கேக்குறதோட சரி, சொன்னதும் ஆளக் காணோம். 360 டிகிரி வீடியோ, கால்குலேட்டர் எல்லாம் வச்சு வெப்சைட் பண்ணித் தரேன்னு ஒருத்தர் 60 ஆயிரம் கேக்குறாரு. குடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு குடுக்காதீங்க தம்பி. காலி மனைக்கு 360 டிகிரி எதுக்கு, நாலு கல்லும் கருவேல முள்ளும் சுத்திச் சுத்தித் தெரியும், அவ்ளோதான். கட்டி முடிச்ச வீடுன்னா சரி, ஹால்ல இருந்து கிச்சன் வரைக்கும் உள்ள நடந்து பாப்பாங்க.

ரேட் மட்டும் கேட்டுட்டுப் போறாங்கன்னா, அதுக்கு மேல கேக்குற மாதிரி நீங்க எதையும் காட்டலன்னு அர்த்தம். கூகுள் மை மேப்ஸ்னு இருக்கு, காசு கிடையாது, அதுல உங்க 34 மனையையும் தனித்தனியா வரைஞ்சு விடுங்க. ஒரு மனையத் தொட்டா அளவு, எந்தப் பக்கம் பாத்தது, முன்னாடி ரோடு எத்தனை அடி, போயிடுச்சா இருக்கா எல்லாம் வரணும். வித்தத அன்னிக்கு சாயங்காலமே செகப்பாக்கிடுங்க, இல்லன்னா உங்கள யாரும் நம்ப மாட்டாங்க. சதுர அடியோட சென்ட்டும் போடுங்க, 1 சென்ட் 435.6 சதுர அடி. சென்னை ஆளு கிரவுண்டுன்னுதான் ஆரம்பிப்பாரு, பாண்டிக்காரரு குழிம்பாரு, அது அவங்கவங்க ஊர் அளவு.

கால்குலேட்டர் வேணும்தான், ஆனா இஎம்ஐக்கு இல்ல, அது எல்லா பேங்க் சைட்லயும் கிடக்கு. பத்திரச் செலவுக்கு ஒண்ணு வைங்க. தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 12 லட்சம் மனைன்னா 1,08,000 ரூபா. இத கடைசி நாள்ல சொல்லித்தான் பேசி முடிச்ச கிரயம் எத்தனையோ உடையுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல மனை வாங்க வர்றவன் மனசுல ஓடுற கேள்வி ரேட் இல்ல, "தண்ணி நிக்குமா?" 2011ல 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல், அப்புறம் தென்பெண்ணை பொங்கி வந்தது, எல்லாத்தையும் பாத்த ஜனம் இது. ஆனா வாய்விட்டுக் கேக்க மாட்டான், கேட்டா நீங்க "சொட்டு நிக்காது சார்"னுதான் சொல்வீங்கன்னு அவனுக்குத் தெரியும். அதனால அடுத்த பெருமழை விட்ட மறுநாள் குடையோட போய் லைவ் போடுங்க. "17ம் நம்பருக்குப் போங்க"ன்னு கமெண்ட்ல சொன்னா நடந்து போய் அங்க நில்லுங்க, கணுக்கால் வரைக்கும் தண்ணின்னா அதையும் காட்டி, எத்தனை லோடு கிராவல் அடிச்சா மேடாகும், அந்தக் காசு யார் பொறுப்புன்னு அங்கயே சொல்லிடுங்க. 60 ஆயிரம் வெப்சைட் செய்யாதத இது செய்யும். அந்த நாள் ஞாயித்துக்கிழமையா அமைஞ்சா மதியம் 3 மணி வச்சுக்கங்க, சிங்கப்பூர்ல அப்ப சாயங்காலம் 5.30, நவம்பர், டிசம்பர் மழைன்னா பாரிஸ்ல காலைல 10.30, ரெண்டு ஊர் நம்ம ஆளுங்களும் வீட்ல இருப்பாங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், ரெரா நம்பர், அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு பண்ண நம்பர், வாங்கிட்டீங்களா? 500 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட்னா பதிவு பண்ணாம விளம்பரமே பண்ணக்கூடாது, திட்டச் செலவுல 10 சதவீதம் வரைக்கும் அபராதம் போடலாம். ரீல்ஸும் விளம்பரம்தான், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான், அந்த நம்பர் எல்லாத்துலயும் இருக்கணும்.

கேள்வி: வில்லியனூர் பக்கம் எங்க தென்னந்தோப்பை விக்கணும். பிரான்ஸ்ல இருக்குற பாண்டிக்காரங்க கண்ணுல படுற மாதிரி இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் குடுக்கலாம்னு இருக்கேன், சரியா வருமா?

பதில்: வராதுங்க. வெளிநாட்டுல குடியிருக்குற நம்மாளுங்க, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்டு ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு நம்ம கவர்மெண்ட் குடுக்குறது) வச்சிருக்குறவங்க, யாரும் விவசாய நிலமோ தோப்போ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது, ஃபெமாங்கிற அந்நியச் செலாவணி சட்டம். வீடு, வீட்டு மனை வாங்கலாம். பிரான்ஸை எடுத்துட்டு புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் மட்டும் வைங்க, கூடவே கிணத்துல கோடைல எத்தனை அடில தண்ணி இருக்குன்னு ஒரு வீடியோ போடுங்க.