குரல் கரகரப்பது கேசட்டால் அல்ல

அப்பா பேசிப் பதிந்த கேசட்டை டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒயர் போட்டுப் பதிந்தால் குரல் கரகரவென்று உடைகிறது என்கிறீர்கள். கேசட் கெட்டிருக்காது, கவலை வேண்டாம். மைக் துளை மிகச் சன்னமான சிக்னலுக்காகச் செய்தது, அதில் இவ்வளவு பலமான ஒலியை விட்டால் உடையத்தான் செய்யும், அதுவும் பெரும்பாலான லேப்டாப்பில் அது மோனோதான். ரிச்சி தெருவில் லைன்-இன் (பலமான ஒலியை வாங்கிக்கொள்ளும் துளை) உள்ள யூஎஸ்பி ஆடியோ கார்டு என்று கேட்டு வாங்குங்கள்; மைக் துளை மட்டும் உள்ளதைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் சாம்பிள் ரேட்டை 44,100 ஹெர்ட்ஸ் என்று வைத்து, உச்ச ஒலி −6 டெசிபலைத் தாண்டாமல் பதிந்து ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமியுங்கள். எம்பி3 பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நம்ம சென்னையின் ஈரக்காற்றில் பல வருடம் கிடந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள், சுருளில் வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டவே கூடாது. சுத்தமாக இருந்தால், டேப் ரெக்கார்டரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு பதியுங்கள். என் அம்மா பாடிய கேசட்டை அவசரத்தில் அப்படியே போட்டு, நாடா சிக்கி, இரண்டு நிமிடப் பாட்டு போயே போய்விட்டது.