புது முகத்தில் பழைய நாத்தனார்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் தினமும் பார்க்கும் சீரியலில் கதாநாயகியின் சின்ன நாத்தனாரைச் சில மாதங்களாகக் காணோம். பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று ஒரு வசனம், அவ்வளவுதான். போகும்முன் அண்ணியின் வளையலை அடகு வைக்க வாங்கிப் போயிருந்தாள். போன வாரம் வேறு நடிகை அவளாகத் திரும்பி வந்தார். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் போட்டதோடு சரி, வளையல் பேச்சே இல்லை. “யாருடி இது?” என்று அம்மா இன்னும் கேட்கிறார். சின்ன வேடம்தானே, ஏன் இவ்வளவு உறுத்துகிறது?

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

சின்ன வேடம் என்பதால்தான் உறுத்துகிறது. 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து இறந்தபின், ‘எதிர்நீச்சல்’ தொடரில் அவர் நடித்துவந்த ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். மாரிமுத்துவை மறக்க முடியாதவர்கள் இங்கே புதுச்சேரியில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் வந்திருப்பது யார் என்று அவர்கள் குழம்பவில்லை. தம்பிகளும் மருமகள்களும் எந்நேரமும் குணசேகரனைப் பற்றியே பேசுகிற வீடு அது. அந்தப் பேச்சே பாத்திரத்தைப் பிடித்து வைத்திருந்தது. உங்கள் நாத்தனாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எப்போதாவது இரண்டு சீன் வருகிறவளுக்கு முகம்தான் ஒரே அடையாளம்.

போன நடிகையைக் குறை சொல்ல மாட்டேன். சிறு வேடங்களுக்கு நாள் கணக்கில்தான் சம்பளம். மாதத்தில் சில நாள் கால்ஷீட்டை நம்பி எத்தனை காலம் இருப்பார்?

பொறுப்பு எழுதுகிறவர்களுடையது. வந்தவளை வாசலில் நிறுத்தி, முகத்தை மூன்று தடவை காட்டி, பின்னணி இசையை ஏற்றினால் ‘இது புது ஆள்’ என்று தண்டோரா போட்டதாகிவிடும். நானாக இருந்தால் அடுப்படியில் தொடங்குவேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, அம்மாவாக நடிப்பவர் வழக்கமான செல்லப்பெயரில் கூப்பிடட்டும். பழைய குரல் கூப்பிட்டு அவள் திரும்பினாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் அண்ணி வந்து, “வளையலை மீட்டாச்சா?” என்று கேட்கட்டும். அவள் மழுப்பட்டும். மீட்டாளா, விற்றுவிட்டாளா என்று உங்கள் அம்மாவின் யோசனை அங்கே போய்விடும். நாலு எபிசோடில் முகம் தானாகப் பழகும். விபத்து, முக அறுவை சிகிச்சை என்று காரணம் தேடவே வேண்டாம்.

பழைய நடிகை மாதிரியே பேசு, சிரி என்று புதியவரை வற்புறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. நாத்தனாரின் கணக்கு வழக்கும் கோபதாபமும் தொடர்ந்தால் போதும், சிரிப்பு இவருடையதாகவே இருக்கட்டும். எழுத்தில் அந்த ஆதரவைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். “பழைய ஆள்தான் நல்லா இருந்தாங்க” என்ற பேச்சை மட்டும் வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெண் கேட்க வேண்டியிருக்கிறது.