பீட்டில்ஸ் பாடல்களின் அவுட்டேக், மோனோ, ஸ்டீரியோ, ரீமிக்ஸ்: எது எது, எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி இதுதான்: ஒரே பீட்டில்ஸ் பாட்டு ஸ்ட்ரீமிங்கில் 'மோனோ', '2009 ரீமாஸ்டர்', '2022 மிக்ஸ்', 'டேக் 7' என்று பல பெயர்களில் கிடைக்கிறது. இவற்றில் எது உண்மையிலேயே வேறு பாட்டு, எது அதே பாட்டின் வேறு வடிவம்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டேக் என்பது ஸ்டுடியோவில் வாசித்துப் பாடியது. மிக்ஸ் என்பது அப்படிப் பதிவான டேப்பிலிருந்து பிறகு இறக்கியது. அவுட்டேக் என்றால் வெளியிடாமல் விட்ட வேறு வாசிப்பு. மாற்று மிக்ஸ் என்றால் அதே வாசிப்பை வேறு அளவில், சில நேரம் வேறு வேகத்தில் இறக்கியது. ரீமாஸ்டர் இரண்டிலும் சேராது. ஏற்கெனவே முடிந்த மிக்ஸைப் புதிய கருவியில் மாற்றி, சத்தத்தைச் சீராக்குவதோடு அதன் வேலை முடிகிறது. 2009 ரீமாஸ்டரில் புதிய கிட்டார் எதுவும் கேட்கப் போவதில்லை. '2022 மிக்ஸ்' என்றால் பலதட டேப்புக்கே (குரலையும் கருவிகளையும் தனித்தனித் தடங்களில் பதிந்த டேப்) திரும்பிப் போய் மறுபடி கலந்திருக்கிறார்கள் என்று பொருள்.

டேக் எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டுடியோவில் ஆரம்பித்து உடனே நின்றுபோனதற்கும் ஓர் எண் உண்டு. அதைவிட முக்கியமாக, டேப் ரிடக்‌ஷன் (நிறைந்த தடங்களைச் சுருக்கி நகலெடுப்பது) செய்தாலும் புது எண் விழும். 1963 அக்டோபர் வரை இரண்டு தடம்தான். 1963 அக்டோபர் 17 அன்று 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பதிவிலிருந்து நான்கு தடம் வந்தது. எட்டுத் தடம் 1968இல்தான். நான்கு தடமும் நிறைந்தவுடன், அவற்றை இரண்டாவது மெஷினில் ஒன்று அல்லது இரண்டு தடமாகச் சுருக்கி, மீதியிருக்கும் தடங்களில் புதிதாக வாசிப்பார்கள். அந்தச் சுருக்கலுக்கு அடுத்த டேக் எண்ணைக் கொடுத்தார்கள். ஆக 'டேக் 7' என்பது ஆறு முறை தோற்று ஏழாவது முறை ஜெயித்தது என்று ஆகாது. டேக் 6-இன் நகலாகவே அது இருக்கலாம். ஜார்ஜ் ஹாரிசனின் 'நாட் கில்ட்டி' டேக் 102 வரை போனதற்கும் இதில் பங்கு உண்டு. டேக் 99-ஐச் சுருக்கியபோது கிடைத்ததுதான் 102.

இந்தச் சுருக்கலுக்கு ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு நகலிலும் டேப்பின் இரைச்சல் ஒரு படி ஏறும், ட்ரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் பளிச்சென்ற மேல் ஒலி மங்கும். ட்ரம்ஸும் பேஸும் ஒரே தடத்தில் போய்விட்டால் பிறகு அவற்றைப் பிரித்து ஏற்றி இறக்க முடியாது. 2017இல், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பை மறுபடி மிக்ஸ் செய்தபோது, சுருக்கலுக்கு முந்தைய டேப்களைத் தேடியெடுத்துக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தினார். அந்த மிக்ஸில் ட்ரம்ஸ் திடீரென்று நெருங்கி வந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். 'ரிவால்வர்' 2022இல் வந்தபோது, திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளால் ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்த கருவிகளையே பிரித்தெடுத்தார்கள்.

இப்போது மோனோவுக்கு, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மிக்ஸுக்கு வருவோம். 1963 முதல் 1968 வரையிலான பாடல்களைப் பொறுத்தவரை மோனோதான் முதல் பிரதி என்பது என் உறுதியான கருத்து. அன்றைக்கு இங்கிலாந்தில் வீடுகளிலும் வானொலியிலும் ஒலித்தது மோனோ. குழுவினர் கூடவே இருந்து, மெனக்கெட்டு முடித்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோவை ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினியர்களும் பிறகு வேகமாகச் செய்து முடிப்பார்கள். மோனோவுக்காகச் செய்த வித்தைகளை ஸ்டீரியோவுக்கு மறுபடி கையால் செய்ய வேண்டியிருந்ததால், இரண்டும் ஒத்துப்போகாமல் நின்றன. கேட்டுப் பார்க்கச் சில இடங்கள்:

'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகம் கூடுதல், சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை மேலே. ஸ்டீரியோ 3 நிமிடம் 35 விநாடி ஓடும், மோனோ சுமார் 3.26. மோனோவைக் கேட்டுப் பழகினால் ஸ்டீரியோ காலை இழுத்து நடப்பதுபோல் இருக்கும். கைல்ஸ் மார்ட்டினும் 2017இல் மோனோ வேகத்தையே எடுத்துக்கொண்டார், சரியான முடிவு. 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' இதற்கு நேர் எதிர். மோனோ மெதுவாக ஓடுகிறது, ஜான் லெனனின் குரலில் அலை அலையான சுழற்சி அதிகம். அந்தச் சுழற்சி ஏடிடி என்ற முறையில் வருவது. பாடகர் இரண்டாம் முறை பாடாமலே, டேப்பிலிருக்கும் அதே குரலை இன்னொரு மெஷினில் மிகச் சிறிய தாமதத்தோடு ஓட்டி இரட்டைக் குரலாக்க, ஸ்டுடியோவின் கென் டவுன்சென்ட் 1966இல் கண்டுபிடித்த வழி அது. மெஷின் வேகத்தைக் கையால் திருகுவதால் ஒவ்வொரு மிக்ஸிலும் வேறு மாதிரிதான் விழும்.

'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' மோனோவில் ஒருமுறை ஒலி தேய்ந்து முடிந்தால் முடிந்ததுதான். ஸ்டீரியோவில் தேய்ந்த ஒலி திரும்பி வரும், கடைசியில் விரல்களில் கொப்புளம் என்று ட்ரம்மர் ரிங்கோ கத்துவார். 'டோன்ட் பாஸ் மீ பை' மோனோ வேகமானது, கடைசி வயலின் வேறு. 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாட்டில் தலைகீழாக ஓட்டிய கிட்டார், மிக்ஸுக்கு மிக்ஸ் வேறு வேறு இடத்தில் நுழையும். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஸ்டீரியோவைத் தனியாக, வேறு டேக்குகளை ஒட்டிச் செய்ததால் கடைசிச் சரணத்தில் ஜான் வரியைத் தவறவிட்டுச் சிரிப்பது கேட்கும். மோனோவில் அது கிடையாது. 'ஐ ஆம் த வால்ரஸ்' ஸ்டீரியோவின் பிற்பகுதியில் ஒலி திடீரென்று ஒடுங்கிவிடும். ஹெட்ஃபோன் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிபிசியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த 'கிங் லியர்' நாடகத்தை மோனோ மிக்ஸ் நடக்கும்போதே நேரடியாகக் கலந்தார்கள். பலதட டேப்பில் அது இல்லை. அதனால் ஸ்டீரியோவுக்கும் அந்த மோனோவையே எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 'ரிவால்வர்' மோனோவின் முதல் அச்சில் 'டுமாரோ நெவர் நோஸ்' வேறு மிக்ஸ். தட்டின் இரண்டாம் பக்கம், லேபிளை ஒட்டிய பள்ளத்தில் எக்ஸ்இஎக்ஸ் (XEX) 606-1 என்று பொறித்திருந்தால் அது ரீமிக்ஸ் 11 என்ற அந்த வேறு மிக்ஸ். முடிவில் 2 அல்லது 3 இருந்தால் வழக்கமான மிக்ஸ்தான். உறையின் நிலையைப் பார்த்து விலை சொல்பவர்கள் அதிகம். நீங்கள் பள்ளத்தைப் படியுங்கள்.

'லவ் மீ டூ' பாட்டுக்குக் காதே போதும். டாம்பரின் கேட்டால் 1962 செப்டம்பர் 11 பதிவு, ட்ரம்ஸ் வெளியிலிருந்து அழைத்த ஆண்டி வைட், டாம்பரின் ரிங்கோ. டாம்பரின் இல்லையென்றால் செப்டம்பர் 4 பதிவு, ட்ரம்ஸ் ரிங்கோ. ரிங்கோவுக்கு முந்தைய ட்ரம்மர் பீட் பெஸ்ட் வாசித்த ஜூன் 6 பதிவு, வெளிவராத பதிவுகளைத் திரட்டிய 'ஆந்தாலஜி 1' தொகுப்பில் இருக்கிறது. இந்தப் பாட்டுக்கும் 'ஷீ லவ்ஸ் யூ' பாட்டுக்கும் இரண்டு தட டேப்பே இப்போது கிடையாது. அக்கால ஸ்டீரியோ என்று யாராவது விற்றால், அது மோனோவில் தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் மேல் ஒலியை மறுபக்கமும் தள்ளிச் செய்த போலி ஸ்டீரியோ.

கையில் இருக்கும் கோப்பை நீங்களே சோதிக்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும், இலவசம். சிடியிலிருந்து எடுத்த வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பைத் திறந்து, ஸ்டீரியோவை இரண்டு மோனோ தடமாகப் பிரியுங்கள். இரண்டையும் 6 டெசிபல் குறையுங்கள். கூட்டும்போது ஒலி சிதறாமல் இருக்கத்தான். ஒன்றைத் தேர்ந்து, ஒலி அலையைத் தலைகீழாக்கும் 'இன்வெர்ட்' கொடுத்துச் சேர்த்து ஓட்டுங்கள். இரு பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பது அழிந்துவிடும். முழு அமைதி கிடைத்தால் கோப்பு மோனோ. நடுவில் இருந்த குரல் மட்டும் போய், பின்னணிக் குரலும் எதிரொலியும் மிஞ்சினால் ஸ்டீரியோ. அந்த மிச்சத்தில்தான் அதுவரை கேட்காத கிட்டார் துணுக்குகள் வெளியே வரும். எம்பி3-யில் இதைச் செய்ய வேண்டாம். ஒலியைச் சுருக்கும்போது அது இரு பக்கங்களையும் கலந்து சேமிப்பதால், கழித்த பிறகு தண்ணீருக்கடியில் பேசுவதுபோன்ற கரகரப்புதான் கிடைக்கும். இசைத்தட்டிலிருந்தோ பழைய டேப்பிலிருந்தோ எடுத்தது என்றால் இரு பக்கமும் மிக நுட்பமாக விலகியிருக்கும். மோனோவாக இருந்தாலும் மேல் ஒலியில் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கண்டு ஸ்டீரியோ என்று முடிவுகட்டாதீர்கள்.

மோனோ உண்மையான தனி மிக்ஸா, ஸ்டீரியோவை ஒன்றாக மடித்ததா என்று பார்க்கவும் இதே வழிதான். ஸ்டீரியோவை நீங்களே மோனோவாக மடித்து, இரண்டின் முதல் அடியையும் ஒரே புள்ளியில் நிறுத்தி, ஒன்றை இன்வெர்ட் செய்யுங்கள். முதல் சில விநாடி அழிந்து பிறகு விலகினால் வேகம் வேறு. சதவீதத்தில் வேகத்தைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள். 'ஷீஸ் லீவிங் ஹோம்' ஸ்டீரியோவை ஏறத்தாழ 4 சதவீதம் வேகமாக்கினால் மோனோவோடு ஒத்துப்போகும். 'யெல்லோ சப்மரீன்' ஆல்பத்தின் மோனோ தட்டு வெறும் மடிப்புதான், தேடி அலைய வேண்டாம். 'ஆபி ரோட்' ஆல்பத்துக்கு மோனோ மிக்ஸே இல்லை.

முதல் இரண்டு ஆல்பங்களின் ஸ்டீரியோவுக்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. இரண்டு தடத்தில் ஒன்று கருவிகள், மற்றொன்று குரல். மோனோவில் அளவு சரிசெய்ய வசதியாக அப்படிப் பதிவுசெய்தார்கள். 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' ஸ்டீரியோவில் இடப்பக்க ஹெட்ஃபோனைக் கழற்றினால் பாலும் ஜானும் பாடுவது தனியே கேட்கும். பின்னால் மெலிதாக ட்ரம்ஸ் கேட்பது, எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்ததால் மைக்கில் கசிந்தது.

அவுட்டேக்குகளில் நான் முதலில் கேட்கச் சொல்வது 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 2017 'பெப்பர்' பெரிய தொகுப்பில் டேக் 1, 4, 7, 26 நான்கும் உள்ளன. அந்த வரிசையிலேயே கேளுங்கள். டேக் 1 மென்மையானது. டேக் 7 அதன் மெருகேறிய வடிவம். டேக் 26 புதிதாக ஆரம்பித்த இன்னொரு வடிவம். வேகமானது, ட்ரம்பெட்டும் செல்லோவும் முரட்டுத்தனமாக இருக்கும். ஜானுக்கு ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் பிடித்திருந்தன. சுருதியும் வேகமும் ஒத்துப்போகாத இரண்டையும் 1966 டிசம்பர் 22 அன்று ஜார்ஜ் மார்ட்டினும் இன்ஜினியர் ஜெஃப் எமரிக்கும் டேப் வேகத்தை மாற்றி ஒட்டினார்கள். வெளியான பாட்டில் சரியாக ஒரு நிமிடம் ஆனதும் அந்த ஒட்டு வரும். நான்கு டேக்கையும் கேட்டுவிட்டு அங்கே போனால், இரண்டு வெவ்வேறு நாட்களின் ஒலி சந்திக்கும் இடம் தெளிவாகப் பிடிபடும்.

அடுத்து 2022 'ரிவால்வர்' தொகுப்பில் 'ரெயின்' டேக் 5. வாசித்த அசல் வேகத்தில் இருக்கிறது, நம்ப முடியாத வேகம். அதை மெதுவாக ஓட்டித்தான் வெளியான பாட்டின் கனமான ட்ரம்ஸ் ஒலியைக் கொண்டுவந்தார்கள். 'லெட் இட் பி' வேறு வகைப் பாடம். சிங்கிளும் ஆல்பமும் 1969 ஜனவரி 31 அன்று வாசித்த ஒரே டேக் 27-தான். சிங்கிளில் கேட்கும் கிட்டார் சோலோ 1969 ஏப்ரல் 30 அன்று ஏற்றியது. ஆல்பத்தைத் தயாரித்து முடித்த பில் ஸ்பெக்டர் அதில் எடுத்துக்கொண்டது 1970 ஜனவரி 4 அன்று ஏற்றியது. சோலோ வேறு என்பதால் டேக் வேறு என்று சொல்லிவிடக் கூடாது.

'ஆந்தாலஜி' தொகுப்புகளில் ஒரு சிக்கல். அவற்றில் சில, ஸ்டுடியோவில் ஒருபோதும் நடக்காத வாசிப்புகள். 'ஆந்தாலஜி 2'-இல் வரும் 'எ டே இன் த லைஃப்' பல டேக்குகளைத் துண்டுபோட்டு ஒட்டியது. கேட்க அருமையானது, ஆனால் அதைச் சான்றாக வைத்து டேக் 1 இப்படி இருந்தது என்று வாதிட முடியாது. 2017 தொகுப்பில் டேக் 1, டேக் 2 தனித்தனியாக இருக்கின்றன, ஒப்பிடுங்கள்.

இணையத்தில் சுற்றும் 'அரிய டேக்' பெரும்பாலும் போலி. சேகரிப்பவர்கள் இதை அவுட்ஃபேக் என்பார்கள். பல, 2009இல் வந்த 'ராக் பேண்ட்' வீடியோ கேமிலிருந்து உருவியவை. பாட்டு தொடங்குமுன் ஸ்டுடியோ பேச்சைச் சேர்த்திருப்பார்கள், அது வேறு நாளின் பேச்சாகவும் இருக்கும். இன்னும் சில, செயலியால் குரலைப் பிரித்தவை. சிம்பலைக் கவனியுங்கள். அடித்தபின் ஒலி இயல்பாகத் தேயாமல் குமிழிகளாக உடைந்தால் பிரித்தெடுத்ததுதான்.

வாங்குவதில் ஒரே ஒரு குறிப்பு. 2018 'வைட் ஆல்பம்' பெரிய தொகுப்பில் மோனோ மிக்ஸ் இல்லை. அதற்கு 2009 மோனோ சிடி பெட்டியோ 2014 மோனோ தட்டுகளோ வேண்டும். 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டின் ஸ்டீரியோவை 1987 சிடிக்காக ஜார்ஜ் மார்ட்டின் மறுபடி மிக்ஸ் செய்தார். 2009 ஸ்டீரியோ சிடியும் அதையே பின்பற்றுகிறது. 1965 அசல் ஸ்டீரியோ வேண்டுமென்றாலும் அதே 2009 மோனோ பெட்டிதான். அந்த இரு ஆல்பங்களின் மோனோ சிடியிலேயே கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த 2018 தொகுப்பையும் ஒதுக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஈஷரில் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் பதிவுசெய்த 27 டெமோக்கள் அதில் இருக்கின்றன. 1968 ஜனவரியில் பம்பாய் எச்எம்வி ஸ்டுடியோவில் இந்தியக் கலைஞர்கள் வாசித்த 'தி இன்னர் லைட்' பின்னணியிசையும், குரல் சேர்க்காமல் டேக் 6 என்ற பெயரில் அதே தொகுப்பில் கிடைக்கிறது.