டவுன்லோட்ஸில் கிடக்கும் தெரியாத செட்டப் ஃபைலைத் திறக்கலாமா?

எப்போது வந்ததென்றே தெரியாத செட்டப் ஃபைல் என்கிறீர்கள். டபுள் கிளிக் மட்டும் வேண்டாம்.

ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் (ஃபைலை வெளியிட்டவரின் மின்கையெழுத்து) என்ற டேப் இருந்தால், அதில் யார் பெயர் இருக்கிறது, கையெழுத்து செல்லுமா என்று டீட்டெயில்ஸில் பாருங்கள். டேப்பே இல்லையென்றால் வைரஸ்தான் என்று அர்த்தமில்லை. சின்ன இலவச மென்பொருள் பலவற்றுக்கு அது இருக்காது. கையெழுத்து இருந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது. 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பு முறையான கையெழுத்தோடுதான் வந்தது, உள்ளே மால்வேர்!

அப்புறம் ஃபைலைப் பல வைரஸ் ஸ்கேனர்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள் (அலுவலக ஃபைல் என்றால் வேண்டாம், ஏற்றியது வெளியாட்களுக்கும் கிடைக்கும்). ஒன்றிரண்டு ஸ்கேனர் மட்டும் கத்தினால் பெரும்பாலும் வீண் எச்சரிக்கை. பத்துக்கு மேல் போனால் யோசிக்காமல் அழியுங்கள். நானாக இருந்தால் எப்படியும் அழித்துவிட்டு, அந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே புதிதாக இறக்குவேன்.