திறந்த செயலியில் திறந்திருப்பது எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘ரிஸ்க்-ஃபைவ்’ திறந்த கட்டமைப்பு என்பதால், அதன்படி செய்யப்படும் சில்லுகள் எல்லாமே திறந்தவை என்று என் நண்பி சொல்கிறாள். அது சரியா?
– உயர்தர மாணவி, உவர்மலை, திருகோணமலை

பதில்: பாதிதான் சரி. ரிஸ்க்-ஃபைவ் என்பது செயலிக்கான ஒரு கட்டளைத் தொகுதி. திறந்திருப்பது அதன் விவரக்குறிப்பு. கூட்டு, நினைவகத்திலிருந்து எடு, குறித்த இடத்துக்குத் தாவு போன்ற கட்டளைகள் எந்த இரும வடிவில் எழுதப்படும், அவற்றைப் பெறும் செயலி என்ன செய்ய வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. அதை நிறைவேற்றும் மின்சுற்றை வடிவமைப்பது வேறு வேலை. அந்த வடிவமைப்பை வெளியிடுவதா, பூட்டி வைப்பதா என்பது வடிவமைத்தவரின் விருப்பம். ரிஸ்க்-ஃபைவை 2010இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்களுட் சிலர் பின்னர் நிறுவிய சைஃபைவ் நிறுவனமே தன் வடிவமைப்புகளைக் கட்டணத்துக்குத்தான் வழங்குகிறது. மாறாக, சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகளின் மூலநிரலை எவரும் இறக்கி வாசிக்கலாம்.

மற்றைய இரு பெரிய கட்டமைப்புகளான இன்டெல் மரபிலும் ஆர்மிலும் விவரக்குறிப்பை வாசிக்கத் தடையில்லை. அதன்படி செயலி செய்யத்தான் அனுமதி வேண்டும். 1978இன் 8086 செயலியிலிருந்து வளர்ந்த இன்டெல் மரபில் இன்று செயலி செய்வோர் பெரும்பாலும் இன்டெலும் ஏஎம்டியும் மட்டுமே. ஆர்ம் நிறுவனமோ உரிமக் கட்டணத்தோடு, விற்கப்படும் சில்லுகளுக்கு உரிமைத்தொகையும் பெறுகிறது. ஒரு பல்கலைக்கழக மாணவர் தாமே வடிவமைத்த செயலியை எவரிடமும் கேளாமல் உலகுக்கு வெளியிடலாம் என்பதையே ரிஸ்க்-ஃபைவின் மிகப் பெரிய பயனாக நான் கருதுகிறேன். ஆனால், சில்லை வார்க்கும் ஆலைச் செலவை எந்தத் திறந்த உரிமமும் குறைத்துவிடாது.

கேள்வி: எமது பாடசாலை ரோபோ கழகத்துக்கு எந்தப் பலகையை வாங்கலாம்? ஆர்முக்கு எழுதிய நிரல்கள் வீணாகிவிடுமா?
– ஆசிரியர், நிலாவெளி

பதில்: 2024இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ 2 பலகையை வாங்குங்கள். அதன் சில்லில், கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிகளான கருக்களில் ஆர்ம் கருக்கள் இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் கருக்கள் இரண்டும் உள்ளன. எந்த வகையில் இயங்குவது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்யலாம். சி மொழியில் எழுதிய நிரல்களைப் பெரும்பாலும் புதிய கருவுக்கேற்ற இயந்திரக் கட்டளைகளாக மீளத் தொகுத்தாலே (compile) போதும். செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் எழுதிய பகுதிகளை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். இப்பலகையிலுள்ள ‘ஹசார்ட்3’ என்னும் ரிஸ்க்-ஃபைவ் கருவின் வடிவமைப்பு முழுவதும் வெளியிடப்பட்டுள்ளதால், தங்கள் நிரலை இயக்கும் சுற்றையே மாணவர்கள் வரிவரியாக வாசித்துப் பார்க்கலாம்.